சுவரும் சித்திரமும்: மெக்சிகோவின் அரசியல் சுவரோவியங்களில் குறியீடு

'சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்' என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. உடல்நலம் பேணாது ஓயாமல் உழைப்பவரைப் பார்த்துப் பெரியவர்கள் இதைச் சொல்வார்கள். இக்கட்டுரையில் அப்பழமொழியை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்கிறேன். சுவர் இல்லாமல் சுவரோவியம் இல்லை. அதுமட்டுமன்று, அச்சுவர் யாருடையது, எந்தத் தெருவை நோக்கி நிற்கிறது, அதன் எதிரே நின்று பார்ப்பவர் யாவர் என்பவற்றை அறியாமல் சித்திரத்தின் பொருளையும் நாம் முழுமையாக அறிய இயலாது.

நம் வட்டத்தின் மாதக் கூட்டங்களில் குறியீடு பற்றிய வாதம் ஓய்ந்ததே இல்லை. கவிதையில் பறவை வந்தால் விடுதலை என்றும், விளக்கு வந்தால் அறிவு என்றும் அகராதியில் பொருள் பார்ப்பதுபோல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நம் முன்னோர் அவ்வளவு எளிதாக நகரவில்லை. செய்யுளின் உறுப்புகளை எண்ணிய தொல்காப்பியர் அசை, சீர், அடி என்பவற்றோடு நிறுத்தாமல் கூற்று, கேட்போர், களன், காலம் என்பவற்றையும் உறுப்புகளாகவே வைத்தார். சொல்பவர் யார், கேட்பவர் யார், எவ்விடத்தில், எப்பொழுது என்பவை செய்யுளுக்குப் புறத்தே நிற்கும் செய்திகள் அல்ல, செய்யுளின் உடம்போடு சேர்ந்தவை என்பது இதனால் பெறப்படும்.

அந்நான்கு உறுப்புகளையும் துணையாகக் கொண்டு, நமக்கு மிகத் தொலைவிலுள்ள மெக்சிகோ நாட்டு ஓவியர்களின் சுவர்களைப் படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இருபதாம் நூற்றாண்டில் அரசியல் சுவரோவியம் பேரியக்கமாக வளர்ந்தது அந்நாட்டில்தான். ஒரே குறியீடு ஒரு சுவரில் போற்றப்பட்டு மற்றொரு சுவரில் அழிக்கப்பட்டதை ஆண்டுக் கணக்கோடு காட்டுவதும் அவ்வியக்கத்தின் வரலாறே.

சுவர் கிடைத்த வரலாறு

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மெக்சிகோவைத் தம் பிடியில் வைத்திருந்த போர்ஃபிரியோ டியாஸின் ஆட்சியை எதிர்த்து 1910ஆம் ஆண்டு கிளர்ச்சி மூண்டது. 1911இல் டியாஸ் நாட்டை விட்டு வெளியேறிய பின்னும் போர் அடங்கவில்லை. தெற்கே மொரேலோஸ் பகுதியில், கரும்புப் பண்ணைகள் விழுங்கிவிட்ட ஊர் நிலங்களை மீட்க உழவர்களைத் திரட்டிப் போரிட்டவர் எமிலியானோ சபாட்டா. 1919 ஏப்ரல் 10 அன்று அவர் வஞ்சகமாகச் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நாளை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். அது இக்கட்டுரையில் மீண்டும் வரும்.

1920இன் இறுதியில் ஆல்வாரோ ஒப்ரெகோன் குடியரசுத் தலைவரானார். 1921இல் கல்வித்துறையின் பொறுப்பை ஏற்ற ஹொசே வாஸ்கோன்செலோஸ் ஒரு தத்துவ அறிஞர். எழுத்தறியாதார் மிகுந்த அந்நாட்டில் அவர் பள்ளிகளையும் நூலகங்களையும் திறந்தார். உலகப் பேரிலக்கியங்களை மலிவான பதிப்புகளாக அச்சிட்டார். அவற்றோடு அரசுக் கட்டடங்களின் சுவர்களை ஓவியர்களிடம் ஒப்படைத்தார். 1922இல் தலைநகரின் தேசிய ஆயத்தப் பள்ளியில் பணி தொடங்கியது. டியேகோ ரிவேரா, ஹொசே கிளமெந்தே ஒரோஸ்கோ, டேவிட் அல்ஃபாரோ சிக்கெய்ரோஸ் ஆகிய மூவரும் அங்கே எழுதினார்கள்.

1923இல் ஓவியர்கள் தங்களுக்கென ஒரு தொழிற்சங்கம் கண்டு, அறிக்கை ஒன்றை எழுதினார்கள். சட்டமிட்டு மாட்டும் ஓவியம் செல்வர் வீட்டுக்குள் முடங்கிவிடுகிறது, சுவரோவியமோ பொதுச்சொத்து என்பது அதன் சாரம். அச்சங்கத்தின் இதழுக்கு 'எல் மச்செத்தே' என்று பெயர். கரும்பு வெட்டும் நீண்ட கத்தியை அந்நாட்டார் அழைக்கும் பெயர் அது.

ஓவியம் பொதுச்சொத்து என்று அவர்கள் சொன்னார்கள். ஆனால் சுவர் அரசுடையது. கூலி தந்ததும் அரசே. பொதுமக்களோ தங்கள் சொத்தை உடனே ஏற்றுக்கொள்ளவும் இல்லை. 1924இல் அதே பள்ளியின் மாணவர்கள் ஒரோஸ்கோ, சிக்கெய்ரோஸ் இருவரின் ஓவியங்களையும் சிதைத்தார்கள். 1929இல் ரிவேராவைப் பொதுவுடைமைக் கட்சி வெளியேற்றியபோது, அரசுப் பணிகளை ஏற்றுக்கொண்டதும் அவர்மீது சுமத்தப்பட்ட குறைகளில் ஒன்றாக இருந்தது. இம்முரண் அவ்வியக்கத்தை இறுதிவரை விடவில்லை.

இவ்விடத்தில் ஈரச்சுதை ஓவியத்தின் தொழில்முறையையும் சற்று அறிதல் வேண்டும். அன்றன்று எழுதி முடிக்கக்கூடிய அளவுக்கே சுவரில் சுண்ணச்சாந்து பூசுவார்கள். அது உலர்வதற்குள் நீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டிவிட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாக இறுகும்போது வண்ணமும் அதனுள்ளே சிறைப்படுகிறது. பிழை நேர்ந்தால் அப்பகுதிச் சாந்தையே கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். ஓவியம் சுவரின்மேல் ஒட்டியிருப்பதன்று, சுவராகவே ஆகிவிடுவது. அதனை விலக்க விரும்புகிறவர் சுவரையே உடைத்தாக வேண்டும். இச்செய்தி நியூயார்க் நகருக்குச் செல்லும்போது நமக்குத் தேவைப்படும்.

கழுகும் வெள்ளாடையும்

மெக்சிகோ நகரின் தேசிய அரண்மனை சாதாரணக் களன் அன்று. அஸ்டெக் மன்னன் மொக்தெசுமாவின் மாளிகை இருந்த இடத்தில், அவனை வென்ற ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸ் தன் மனையை எழுப்பினான். அதுவே ஸ்பானிய ஆளுநர்களின் மாளிகையாகிப் பின்னர்க் குடியரசின் அரண்மனையாயிற்று. அதன் பெரும் படிக்கட்டுச் சுவர்களில் 1929 முதல் 1935 வரை ரிவேரா தம் நாட்டு வரலாற்றை எழுதினார். ஒரு பக்கம் வெற்றிகொள்ளப்படுவதற்கு முந்தைய உலகம். நடுவே படையெடுப்பு முதல் புரட்சி வரையிலான போராட்டம். மறுபக்கம், எதிர்காலத்துக்கு வழிகாட்டி நிற்கும் கார்ல் மார்க்ஸ்.

நடுச்சுவரின் மையத்தில் கள்ளிச்செடியின்மேல் ஒரு கழுகு. கள்ளிமேல் கழுகு அமர்ந்திருக்கும் இடத்தில் குடியேறுக என்ற தெய்வவாக்கைப் பின்பற்றியே அஸ்டெக் மக்கள் தங்கள் தலைநகரை அமைத்ததாகத் தொன்மம் கூறும். (அக்கள்ளி நமக்கும் அயலானதன்று. நம் ஊர் வேலியோரங்களில் முள்ளும் பழமுமாய் நிற்கும் சப்பாத்திக்கள்ளி அக்கண்டத்திலிருந்து வந்த செடியே.) மெக்சிகோவின் கொடியில் அக்கழுகு ஒரு பாம்பைக் கவ்வியிருக்கும். ரிவேராவின் கழுகின் அலகிலோ பாம்பு இல்லை. நீரோட்டமும் தீயோட்டமும் ஒன்றோடொன்று பின்னிய ஒரு பழங்குறி இருக்கிறது. நீரும் எரியும் சேர்ந்த அக்குறி அஸ்டெக் மரபில் போரைக் குறிக்கும்.

இம்மாற்றத்துக்குப் பின்னே ஒரு கல் இருக்கிறது. அதே அரண்மனையின் அடித்தளத்தில் புதைந்து கிடந்து 1926இல் வெளியே எடுக்கப்பட்ட அஸ்டெக் சிற்பம் ஒன்றில், கள்ளிமேல் அமர்ந்த கழுகின் அலகில் அப்போர்க்குறியே செதுக்கப்பட்டிருந்தது. பழங்குறியைப் பிற்காலத்தார் பாம்பெனப் பிறழ உணர்ந்தனர் என்று கருதும் ஆய்வாளரும் உளர். ஆக, கட்டடத்தின் அடியில் ஆளப்பட்டவர்களின் கல் கிடந்தது. ரிவேரா அக்கல்லின் சொல்லை எடுத்து அதே கட்டடத்தின் சுவரில் ஏற்றினார். கழுகு என்றால் வீரம் என்று அகராதிப் பொருள் சொல்லி நகர்பவர் இவ்வளவையும் இழந்துவிடுவார்.

அப்போராட்டச் சுவரின் உச்சியில், நிலமும் விடுதலையும் கேட்கும் பதாகையோடு சபாட்டா இடம்பெற்றிருக்கிறார். அவரை ரிவேரா பலமுறை எழுதினார். ஒளிப்படங்களில் நாம் காணும் சபாட்டா பெரும்பாலும் அகன்ற தொப்பியும் வெள்ளிப் பொத்தான் பதித்த இறுக்கமான காற்சட்டையும் அணிந்த குதிரைவீரர். குவெர்னவாகா நகரிலுள்ள கோர்த்தேஸ் மாளிகையில் 1930 அளவில் ரிவேரா எழுதிய சபாட்டாவோ உழவரின் வெள்ளைப் பருத்தியாடை உடுத்தி, கையில் கரும்புக் கத்தியோடு ஒரு வெண்குதிரையின் கடிவாளத்தைப் பிடித்து நிற்கிறார். நம் அகப்பாடல்கள் தலைவனின் பெயரை நீக்கி அவனைப் பொதுமைப்படுத்தின. ரிவேரா பெயரையும் முகத்தையும் வைத்துக்கொண்டு ஆடையை மட்டும் மாற்றினார். அம்மாற்றத்தால் சபாட்டா ஒரு தனிமனிதர் என்ற எல்லையைக் கடந்து ஓர் உழவர் கூட்டம் ஆகிவிடுகிறார். அவர் சாகவில்லை, மலைகளில் இன்னும் குதிரையேறித் திரிகிறார் என்று மொரேலோஸ் மக்கள் நெடுங்காலம் பேசிவந்தனர். அவர்களுக்கு அவ்வெண்குதிரை சொன்ன செய்தியைச் சொல்ல வேண்டுவதில்லை. ஸ்பானியப் படையெடுப்பின் கொடுமையையும் உழவர் கிளர்ச்சியையும் காட்டும் அம்மாளிகை ஓவியங்களுக்குப் பணம் கொடுத்தவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தூதர் டுவைட் மாரோ என்பதையும் சேர்த்து நினைத்தல் வேண்டும்.

ஒரு முகத்தின் விலை

1932இல் ரிவேராவுக்கு நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் மையத்திலிருந்து அழைப்பு வந்தது. நாற்சந்தியில் நிற்கும் மனிதன் நம்பிக்கையோடு புதிய எதிர்காலத்தைத் தேர்ந்தெடுப்பது பொருள். கூலி 21,000 டாலர். 1933 மார்ச்சில் தொடங்கினார். நடுவே ஒரு மாபெரும் எந்திரத்தை இயக்கும் தொழிலாளி. அவனைக் குறுக்கிட்டு நீளும் இரு நீள்வட்டங்களில் நுண்ணோக்கி காட்டும் உயிரணுக்களும் தொலைநோக்கி காட்டும் விண்மீன்களும். ஒருபுறம் சூதும் மதுவுமாய்ச் செல்வர். மறுபுறம் கறுப்பினத் தொழிலாளி உள்ளிட்டோரின் கைகளை ஒன்றாக இணைத்துப் பிடிக்கும் ஒரு தலைவர். ஒப்புதல் பெற்ற வரைவில் அத்தலைவருக்கு அடையாளம் காணத்தக்க முகம் இல்லை. சுவரில் அது லெனினின் முகமாயிற்று.

1933 மே 4 அன்று, அப்போது 24 வயதினரான நெல்சன் ராக்கஃபெல்லர் மரியாதை மிக்க கடிதம் ஒன்றை எழுதினார். தனியார் இல்லமாயின் வேறு. இது பொதுக்கட்டடம், பலர் மனம் புண்படும், ஆகவே அம்முகத்துக்கு மாற்றாக அறிமுகமில்லாத ஒருவரின் முகத்தை எழுதுக என்பது அதன் கருத்து. ரிவேரா மறுத்தார். எதிர்ப்புறம் ஆபிரகாம் லிங்கனையும் அடிமைமுறையை எதிர்த்தோரையும் சேர்க்க இசைந்தார். ஆனால் ஓவியத்தைச் சிதைப்பதைவிட முழுவதையும் அழித்துவிடுவதே மேல் என்றார். மே 9 அன்று முழுக்கூலியும் கொடுத்து அவரைச் சாரத்திலிருந்து இறக்கிச் சுவரைத் திரையிட்டு மூடினார்கள். 1934 பிப்ரவரி 10ஆம் நாள் இரவு அச்சுவர் கொத்தி எடுக்கப்பட்டது.

கைகள் இணையும் காட்சி அப்படியே இருக்கலாம், முகம் மட்டும் கூடாது என்று உரிமையாளர் சொன்னதைக் கவனிக்க வேண்டும். பெயரில்லாத கைகோப்பு எல்லார்க்கும் உடன்பாடான ஒற்றுமை. பெயரிட்ட கைகோப்பு ஓர் அரசியல். குறியீட்டுக்கும் சார்புக்கும் இடையே உள்ள கோட்டை அந்த இளைஞர் சரியாகவே படித்திருந்தார். இருவருமே 'பொது' என்ற ஒரு சொல்லை நம்பி நின்றதும் கவனத்துக்குரியது. ஓவியர்க்கு அது உழைக்கும் கூட்டம். உரிமையாளர்க்கு அது வாடகைக்கு வரும் வணிகரும் வந்துபோகும் வாடிக்கையாளரும். கேட்போர் மாறினால் பாட்டு மாறும்.

உதவியாளர்களில் ஒருவரான லூசியென் பிளாக் மறைத்துக் கொண்டுவந்த கருவியால் எடுத்த ஒளிப்படங்கள் எஞ்சின. 1934இல் ரிவேரா மெக்சிகோ நகரின் நுண்கலை மாளிகையில் அவ்வோவியத்தை மறுபடி எழுதினார். இம்முறை மது அருந்தும் செல்வர்களிடையே மூத்த ராக்கஃபெல்லரின் மகனும் நெல்சனின் தந்தையுமான இளைய ஜான் ராக்கஃபெல்லரைச் சேர்த்தார். மது தொடாதவர் எனப் பெயர் பெற்றவர் அவர். அவரது தலைக்குமேல் மேகநோய்க் கிருமிகளும் வரையப்பட்டன. சினத்தில் எழுதிய இக்குறியீடு முந்தையதைவிடத் தாழ்ந்தது என்பது என் கருத்து. லெனின் முகம் ஒரு வாதம். இது ஒரு வசை. நியூயார்க்கின் சுவருக்கு 1937இல் ஸ்பானிய ஓவியர் ஹொசே மரியா செர்ட் புதிய ஓவியம் எழுதினார். அதில் லிங்கன் இருக்கிறார். ரிவேரா சேர்க்க இசைந்தவர் வந்துவிட்டார். அவர் நீக்க மறுத்தவர் இல்லை.

வேறொரு கழுகு

ரிவேராவுக்கு நியூயார்க்கில் அழைப்பு வந்த அதே 1932இல் சிக்கெய்ரோஸ் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இருந்தார். பழைய மெக்சிகோவின் அழகைப் பயணிகளுக்குக் காட்டவென்று புதுப்பித்த ஓல்வேரா தெருவில், மாடிச் சுவர் ஒன்றில் 'வெப்பமண்டல அமெரிக்கா' என்ற பொருளில் எழுத அவரைக் கேட்டார்கள். கிளிகளும் கனிமரங்களும் எதிர்பார்க்கப்பட்டன. அக்டோபர் 9 அன்று ஏறத்தாழ 80 அடி நீளமுள்ள அச்சுவரைத் திறந்தபோது, முறுக்கேறிய மரங்களுக்கும் இடிந்த மாயக் கோயிலுக்கும் நடுவே, இரட்டைச் சிலுவையில் அறையப்பட்ட பழங்குடி மனிதன் ஒருவன் தெரிந்தான். சிலுவையின் உச்சியில் கழுகு. ஓரத்தில் அக்கழுகைக் குறிவைக்கும் இரு உழவர்கள். மைய உருவத்தைக் கடைசி இரவில் சிக்கெய்ரோஸ் தனியே எழுதி முடித்திருந்தார்.

தேசிய அரண்மனையில் கள்ளிமேல் நின்ற கழுகும் கழுகே, இதுவும் கழுகே. ஆனால் அது ஒரு மக்களின் பிறப்பைச் சொல்லும் பறவை. இது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசு முத்திரையிலும் நாணயத்திலும் பொறித்த பறவை. பறவை ஒன்றாயினும் களன் வேறு. காலமும் கொடிது. பொருளாதார வீழ்ச்சியின் அந்த ஆண்டுகளில் மெக்சிகோவைச் சேர்ந்தவர் பல்லாயிரவர் அந்நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டுக்கொண்டிருந்தனர்.

தெருவிலிருந்து கண்ணுக்குப் படும் பகுதிக்கு விரைவிலேயே வெள்ளையடித்தார்கள். சில ஆண்டுகளில் சுவர் முழுவதும் வெண்மையாயிற்று. ஆனால் கலிஃபோர்னியாவின் வெயில் வேறு தீர்ப்புச் சொன்னது. 1960களின் இறுதியில் வெள்ளை உரியத் தொடங்கிச் சிலுவை உருவம் மங்கலாக வெளிப்பட்டது. தங்கள் உரிமைக்குக் குரலெழுப்பிக்கொண்டிருந்த மெக்சிகோ வழித்தோன்றல்களான இளம் ஓவியர்கள், அறியாதிருந்த பாட்டனாரைக் கண்டதுபோல் அதனைக் கண்டார்கள். நெடிய பாதுகாப்புப் பணிக்குப் பின், சரியாக எண்பதாண்டு கழித்து, 2012 அக்டோபர் 9 அன்று அவ்வோவியம் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. போன வண்ணங்களை மறுபடி தீட்டாமல், எஞ்சியதை எஞ்சியவாறே காத்தார்கள். இன்று அதன் வெளிறலும் பொருளின் ஒரு பகுதியாகிவிட்டது. வெள்ளையடித்தவரும் அவ்வோவியத்தின் இணையாசிரியர் ஆகிவிட்டார் எனலாம்.

ஒரோஸ்கோவின் ஐயம்

இவ்விருவரையும் பார்த்துவிட்டுக் குறியீடு என்பது கொடிபிடிப்பதே என்று முடிவுகட்டலாகாது. இளமையில் வெடிமருந்து விபத்தில் இடக்கையை இழந்த ஒரோஸ்கோ, புரட்சியின் பிணங்களை நெருங்கிக் கண்டவர். எக்கொடியையும் எளிதில் நம்பாதவர். 1932 முதல் 1934 வரை அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி நூலகத்தில் அவர் எழுதிய ஓவியங்களில் ஒன்று 'தற்கால உலகின் தெய்வங்கள்'. பட்டமளிப்பு அங்கி தரித்த எலும்புக்கூடுகள் வரிசையாய் நிற்க, புத்தகங்களின்மேல் கிடக்கும் ஓர் எலும்புக்கூடு எலும்புக்கூட்டையே ஈன்றுகொண்டிருக்கிறது. பட்டதாரிகளை உருவாக்கும் நிறுவனம் தன் நூலகத்திலேயே இவ்வோவியத்தை எழுதவிட்டது. எதிர்ப்புகளுக்கிடையிலும் அழிக்காமல் வைத்திருக்கிறது. ராக்கஃபெல்லர் மையம் இடிக்கப்பட்ட சுவரால் நினைவுகூரப்படுவதுபோல், அக்கல்லூரி இடிக்கப்படாத சுவரால் நினைவுகூரத் தக்கது.

பின்னர் குவாதலஹாரா நகரின் அரசு மாளிகைப் படிக்கட்டில், விடுதலை வீரர் இதால்கோ கையில் தீப்பந்தத்தோடு நடுவில் ஓங்கி நிற்க, பக்கச் சுவரில் கொள்கைகளின் கேளிக்கைக் கூத்தை ஒரோஸ்கோ எழுதினார். அங்கே எல்லா அணியினரின் சின்னங்களும் கோமாளிகளின் கைப்பொருள்களாய்க் குழம்பிக் கிடக்கின்றன. சின்னங்களைத் தாங்கி நிற்பதற்கென அமைந்த சுவரிலேயே சின்னங்களை ஐயுற்ற ஓவியம் இது. குறியீடு பொருள் தருவதோடு, பொருளை மறைக்கவும் செய்யும் என்று அவர் எச்சரித்தார். கவிஞர்களாகிய நமக்கு மற்ற இருவரைவிட இவரிடம் கற்க வேண்டியது மிகுதி.

இரண்டு சபாட்டாக்கள்

ஒரோஸ்கோவின் ஐயம் வீணானதன்று என்பதைப் பிந்தைய வரலாறு காட்டிற்று. 1929இல் தோன்றிய ஆளுங்கட்சி, பெயர்கள் மாறினாலும், 2000 வரை தொடர்ந்து ஆட்சியில் இருந்தது. புரட்சியின் வாரிசு தானே என்று அது சொல்லிக்கொண்டது. அரண்மனைச் சுவரில் சபாட்டா நிலம் கேட்டுக்கொண்டே இருந்தார்; அவர் அருகே படியேறி அமைச்சர்கள் அலுவலுக்குச் சென்றுகொண்டே இருந்தார்கள். நாள்தோறும் பார்க்கும் குறியீடு கண்ணில் படாமல் போய்விடும். 1992இல், நிலப்பகிர்வுக்கு அடிப்படையான அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவு திருத்தப்பட்டுப் பகிர்வு முடிவுக்கு வந்தது. 1994 ஜனவரி முதல் நாள், தெற்கே சியாபாஸ் மாநிலத்துப் பழங்குடி உழவர்கள் சபாட்டாவின் பெயராலேயே அவ்வரசை எதிர்த்துக் கிளர்ந்தார்கள்.

அம்மாநிலத்தின் தானிபெர்லா என்ற சிற்றூரில் 1998 ஏப்ரல் 10 அன்று தன்னாட்சி ஊராட்சி ஒன்று தொடங்கப்பட்டது. சபாட்டா கொல்லப்பட்ட அதே நாள். ஊரார் கூடி ஊராட்சிக் கட்டடத்தின் முகப்பில் தங்கள் பள்ளத்தாக்கின் வாழ்வையும் கனவையும் ஓவியமாக எழுதியிருந்தார்கள். அதில் சபாட்டாவும் இருந்தார். மறுநாளே படையினரும் காவலரும் ஊருக்குள் புகுந்தார்கள். ஓவியம் அழிக்கப்பட்டது.

தலைநகரின் அரண்மனையில் போற்றிக் காக்கப்படுபவர் சபாட்டா. சிற்றூரின் முகப்பில் ஒரு நாளுக்குமேல் பொறுக்கப்படாதவரும் சபாட்டாவே. பெயரும் அவரே; கோரிக்கையும் அதுவே. வேறுபட்டவை கூற்றும் கேட்போரும் களனும் காலமுமே. ஒன்று, மறைந்த வீரரைப் பற்றி அரசு சொல்லும் கதை. மற்றொன்று, உயிரோடிருக்கும் உழவர் சொல்லும் சொல். இதன்பின் அத்தானிபெர்லா ஓவியம் பல நாட்டு நகரங்களின் சுவர்களில் படியெடுத்து எழுதப்பட்டது. அழித்தவர் அதற்குச் சுவர்களைத் தேடிக்கொடுத்தார்.

மூன்று சொற்கள்

இறுதியாகக் காலத்தில் சற்றுப் பின்னே செல்ல வேண்டியிருக்கிறது. 1947இல் ரிவேரா மெக்சிகோ நகரின் ஓர் உணவுவிடுதியில், அலமேதா பூங்காவின் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகற் கனவை எழுதினார். நானூறு ஆண்டுக்கால மாந்தர் உலாவும் அக்கூட்டத்தில் இக்னாசியோ ராமிரேஸ் என்ற எழுத்தாளரும் நிற்கிறார். அவர் கையிலுள்ள தாளில், கடவுளின் இருப்பை மறுக்கும் மூன்று ஸ்பானியச் சொற்கள் இருந்தன. பேராயர் அக்கட்டடத்துக்கு ஆசி வழங்க மறுத்தார். மாணவர் சிலர் சொற்களைச் சுரண்டினர். ரிவேரா மறுபடி எழுதினார். ஓவியம் ஆண்டுக்கணக்கில் மறைத்து வைக்கப்பட்டது. 1956இல், நோயுற்றிருந்த ரிவேரா தாமே சாரமேறி அம்மூன்று சொற்களையும் நீக்கினார். 1957இல் மறைந்தார்.

நியூயார்க்கில் ஒரு முகத்தை மாற்ற மறுத்தவர் இங்கே மூன்று சொற்களை அழித்தது தோல்வியா? அவ்விடத்தில் அவர் எழுதிய புதுச் சொற்களைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லலாம். அவர் எழுதியது, 1836ஆம் ஆண்டு, லெத்ரான் அகாதெமியில் நிகழ்ந்த உரை என்னும் குறிப்பு மட்டுமே. ராமிரேஸ் அம்மறுப்பை முதன்முதலில் எந்த இடத்தில், எந்த ஆண்டில் சொன்னாரோ அதன் முகவரி அது. சொல் போயிற்று, களனும் காலமும் நின்றன. அறிந்தவர் இன்றும் அம்முகவரியில் போய் அச்சொல்லைக் கேட்டுக்கொள்ளலாம். 1985 நிலநடுக்கத்தில் விடுதி சிதைந்தபின் ஓவியம் பெயர்த்தெடுக்கப்பட்டுத் தனி அருங்காட்சியகம் பெற்றது.

அந்த லெத்ரான் அகாதெமி எது? அரசவையன்று, பல்கலைக்கழகமும் அன்று. இளம் கவிஞர்கள் சிலர் கூடி 1836இல் தொடங்கிய ஓர் இலக்கிய வட்டம். பதினெட்டு வயதளவினரான ராமிரேஸ் தம் முதல் உரையிலேயே அவ்வாறு சொன்னபோது கூச்சல் எழுந்தது. ஆயினும் அவ்வட்டம் அவரைப் பேசவிட்டது. தன்னில் ஒருவராகவும் ஏற்றுக்கொண்டது. அக்கருத்துக்கு உடன்பட்டோர் சிலரேயாவர். உடன்படாத சொல்லுக்கும் தங்கள் சுவரில் இடம் கொடுத்தார்கள் என்பதே நாம் எண்ணத் தக்கது.

ஒன்றை இம்மலரிலேயே சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் கவியரங்கு ஒன்றுக்கு வந்த கவிதையில் ஒரு சொல், நமக்கு மண்டபம் தந்துகொண்டிருந்தவரின் மனத்தை வருத்தும் என்று எனக்குத் தோன்றிற்று. மாற்றித் தருமாறு அந்த இளங்கவிஞரிடம் மரியாதையோடு கேட்டவன் நான். அவர் மாற்றித் தந்தார். கவியரங்கு இனிதே நடந்தது. மண்டபமும் தொடர்ந்து கிடைத்தது. நெல்சன் ராக்கஃபெல்லரின் கடிதத்தைப் பற்றிப் படித்தபோது, அதன் மரியாதை எனக்கு மிகவும் பழக்கமானதாக இருந்தது. மண்டபம் இல்லாமல் கவியரங்கு இல்லைதான். ஆனால் அன்று நான் காத்தது சுவரையா, சித்திரத்தையா என்ற வினாவுக்கு இன்னும் விடை எழுதவில்லை.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக்கென்று கல்லால் எழுப்பிய சுவர் ஏதும் இல்லை. மாதந்தோறும் கூடும் இக்கூட்டமே நம் சுவர். அதில் எழுத வரும் அடுத்த இளைஞருக்கு வெள்ளைச் சுண்ணாம்பை நீட்டாதிருப்போமாக.